கேமராவுக்கு கரன்ட் எங்கிருந்து?

பேட்டரியா, பிளக் பாயிண்டா? வைஃபை கேமரா வாங்கும்முன் போட வேண்டிய கணக்கு

கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்று எத்தனை மெகாபிக்சல், இருட்டில் கலர் தெரியுமா, செல்போனிலிருந்து பேச முடியுமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். வீட்டுக்கு மாட்ட வரும் டெக்னீஷியன் கேட்கிற முதல் கேள்வி வேறு: "பாயிண்ட் எங்கே சார் இருக்கு?" போர்டிகோவில் ஒரு லைட்டும் காலிங் பெல் சுவிட்சும்தான் இருக்கும். பிளக் பாயிண்ட் ஹாலுக்குள் டி.வி.க்குப் பின்னால் இருக்கும். "வயர்லெஸ்னுதானே வாங்கினேன், அதுக்கு எதுக்குங்க பாயிண்ட்?" என்பார் வீட்டுக்காரர். சுவரைத் துளைத்து லைன் இழுப்பதா, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பேட்டரி கேமராவாக வாங்குவதா என்ற விவாதம் அங்கேயே தொடங்கிவிடும்.

வைஃபை கேமராவில் காணாமல் போனது படத்தைக் கொண்டுபோகும் வயர் மட்டும்தான். கரன்ட் எப்படியும் வந்தாக வேண்டும். சுவரிலிருந்து வரலாம், உள்ளேயிருக்கும் லித்தியம் பேட்டரியிலிருந்து வரலாம், மேலே மாட்டிய சோலார் பேனலிலிருந்தும் வரலாம். எதை வாங்குவது என்பதைப் பெரும்பாலும் விலையையும் வசதியையும் பார்த்து முடிவு செய்கிறோம். ஆனால் கேமரா எப்போது விழித்திருக்கும், எதைப் பதிவு செய்யும், எதைக் கோட்டைவிடும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது கரன்ட் வரும் வழிதான்.

3+1 கேபிளிலிருந்து பேட்டரி வரை

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேமரா என்றால் படத்தைப் பதியும் ஒரு டி.வி.ஆர். பெட்டி, அதன் பக்கத்தில் கரன்ட் தரும் 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்., அங்கிருந்து ஒவ்வொரு கேமராவுக்கும் ஓடும் 3+1 கேபிள். படத்துக்கு ஒரு கோஆக்சியல், கரன்ட்டுக்கும் ஒலிக்கும் மூன்று மெல்லிய வயர்கள், எல்லாம் ஒரே உறைக்குள். கடைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதுதான். 2017 முதல் 2020 வரை ஏ.கே.விஸ்வநாதன் சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்தபோது, 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தெருவாக கேமரா பொருத்தும் இயக்கம் நடந்தது. தெருவில் வந்த கேமராவைப் பார்த்து வீட்டு வாசலுக்கும் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் வந்தது. ஆனால் வீட்டுக்காரர்களுக்கு டி.வி.ஆரும் வேண்டாம், சுவரெல்லாம் கேபிளும் வேண்டாம்.

அந்த இடத்தைப் பிடித்தது வைஃபை கேமரா. உள்ளங்கை அகல உடம்பு, உள்ளே ஒரு மெமரி கார்டு, கூடவே ஒரு அடாப்டர். அந்த அடாப்டரையும் ஒழித்துவிட முடியுமா என்ற கேள்விக்கு 2014-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பதில் வந்தது. அமெரிக்காவின் நெட்கியர் நிறுவனம் ஆர்லோ என்ற கேமராவை அறிமுகப்படுத்தியது. நான்கு சிஆர்123 லித்தியம் பேட்டரிகளைப் போட்டுவிட்டால் போதும், ஒரு வயரும் கிடையாது. பின்னால் வந்த பிளிங்க் கேமரா இரண்டே இரண்டு பென்டார்ச் அளவு லித்தியம் பேட்டரியில் இரண்டு ஆண்டு ஓடும் என்றது. பிளிங்க்கை 2017-லும், காலிங் பெல் கேமராவுக்குப் பேர்போன ரிங் நிறுவனத்தை 2018-லும் அமேசான் வாங்கிக்கொண்டது. இன்று நம் ஊர் ஆன்லைன் கடைகளிலும் சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி கேமராக்கள் வரிசையாக நிற்கின்றன. '180 நாள் பேட்டரி' என்று பெட்டியின்மேல் பெரிதாகப் போட்டிருக்கிறது. அந்த 180 நாள் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

19 வாட்-மணி

நடுத்தர பேட்டரி கேமரா ஒன்றில் 5,200 எம்.ஏ.எச். பேட்டரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லித்தியம் செல்லின் வோல்டேஜ் சுமார் 3.7. இரண்டையும் பெருக்கினால் 19 வாட்-மணி. அந்த கேமராவின் மொத்தச் சொத்து அவ்வளவுதான். பிளக்கில் ஓடும் சாதாரண வைஃபை கேமரா 3 முதல் 5 வாட் வரை எடுக்கும். அதேபோல் இடைவிடாமல் படம் பிடித்தால் இந்த 19 வாட்-மணி ஆறு மணி நேரத்துக்கே காணும். சாயங்காலம் விளக்கு வைக்கும்போது ஆரம்பித்தால் நள்ளிரவில் தீர்ந்துவிடும்.

ஆகவே பேட்டரி கேமரா தூங்குகிறது. யாராவது வந்து எழுப்பினால் மட்டும் கண் விழிக்கிற வாட்ச்மேன் அது. லென்ஸும் வைஃபையும் பிராசஸரும் உறங்கிக்கிடக்க, பி.ஐ.ஆர். எனப்படும் வெப்ப உணரி ஒன்று மட்டும் மிகச் சொற்ப மின்சாரத்தில் விழித்திருக்கும். உடல் சூடு உள்ள ஏதோ ஒன்று எதிரே நகர்ந்தால் அது மற்றவற்றை எழுப்பும். கேமரா பத்து, இருபது விநாடி படம் பிடிக்கும், செல்போனுக்குத் தகவல் அனுப்பும், மறுபடி தூங்கிவிடும்.

விழித்திருக்கும்போது 2 வாட் செலவு, ஒவ்வொரு முறையும் 20 விநாடி என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 19 வாட்-மணியில் சுமார் 1,700 தடவை எழுந்திருக்கலாம். நாளைக்குப் பத்துத் தடவை என்றால் 170 நாள். பெட்டியில் போட்டிருக்கும் 180-க்கு இது பக்கத்தில் வந்துவிடுகிறது. அதாவது அந்த எண் பொய்யில்லை. நாளைக்குப் பத்துப் பேர் மட்டும் வந்துபோகும் அமைதியான வாசலுக்கான எண் அது. நம் வீட்டு வாசலில் பால்காரர், பேப்பர் பையன், வேலைக்கார அம்மா, கீரைக்காரர், பள்ளி வேன், கொரியர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கிரிக்கெட், இரண்டு தெருநாய், ஒரு பூனை. நாளைக்கு நூறு தடவை கேமரா எழுந்தால் அதே பேட்டரி 17 நாளில் காலி. தெருவைப் பார்த்து பேட்டரி கேமராவை மாட்டியவர்கள் மாதம் இரண்டு முறை ஏணி போட்டுக் கழற்றி சார்ஜ் ஏற்றிக்கொண்டிருப்பது இதனால்தான். ராத்திரியில் கணக்கு இன்னும் மோசம். இருட்டில் படம் தெரிய எரியும் அகச்சிவப்பு எல்.இ.டி.க்களுக்கும் இதே பேட்டரிதான் படியளக்க வேண்டும்.

இன்னொரு ரகசியச் செலவும் உண்டு. ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, கேமரா காம்பவுண்டு சுவரில் இருக்கிறது, நடுவில் இரண்டு செங்கல் சுவர். சிக்னல் பலவீனமாக இருந்தால் அதே 20 விநாடிப் படத்தை அனுப்பி முடிக்கக் கூடுதல் நேரமாகும். அவ்வளவு நேரமும் கேமரா விழித்திருக்கும். 'பேட்டரி சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், கேமரா இருக்கும் இடத்தில் செல்போனை வைத்து வைஃபை எத்தனை கோடு காட்டுகிறது என்று பார்ப்பது நல்லது.

சித்திரை வெயிலும் சென்சாரும்

பேட்டரி கேமராவை எழுப்பும் பி.ஐ.ஆர். சென்சார் ஆளைப் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் நகர்வதைத்தான் உணர்கிறது. குளிர்நாட்டில் அது அற்புதமாக வேலை செய்யும். பூஜ்யம் டிகிரியில் 37 டிகிரி மனிதன் நடந்து வந்தால் தப்பவே முடியாது. அக்னி நட்சத்திரத்தில் சென்னையும் வேலூரும் 40 டிகிரியைத் தாண்டும்போது, வெயில் குடித்த சுவருக்கும் நடந்து வரும் மனிதனுக்கும் வித்தியாசம் குறைந்துபோகிறது. எட்டு மீட்டர், பத்து மீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் தூரம் மே மாதப் பகலில் அப்படியே கிடைக்காது. மேற்குப் பார்த்த கான்கிரீட் சுவர் இரவிலும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

மாட்டும் கோணமும் முக்கியம். பி.ஐ.ஆர். சென்சார் தன் பார்வையைப் பல பட்டைகளாகப் பிரித்துவைத்திருக்கிறது. ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்கு உருவம் குறுக்கே கடந்தால் உடனே உணரும். நேராகக் கேமராவை நோக்கி வந்தால் தாமதமாகத்தான் உணரும். கேட்டுக்கு நேர் எதிரே மாட்டுவதைவிட, வருகிறவர் குறுக்கே கடக்கும்படி பக்கவாட்டில் மாட்டினால் அதே கேமரா நன்றாக வேலை செய்யும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் சுத்தமாகப் பயனில்லை. உடல் வெப்பம் அந்தக் கண்ணாடியைத் தாண்டி வராது.

அடுத்தது தாமதம். சென்சார் உணர்ந்து, கேமரா எழுந்து, பதிவு தொடங்க ஒன்றிரண்டு விநாடி ஆகிவிடும். கேட்டைத் திறந்த முகம் போய், பார்சலை வைத்துவிட்டுத் திரும்பும் முதுகுதான் பதிவில் இருக்கும். பேட்டரி கேமரா வைத்திருப்பவர்களின் போனைத் திறந்து பார்த்தால் விதவிதமான முதுகுகளைப் பார்க்கலாம். வயரில் ஓடும் கேமராவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பதால் சம்பவத்துக்கு முந்தைய விநாடிகளும் கையில் இருக்கும்.

வெயில் பேட்டரியையும் சும்மா விடாது. பெரும்பாலான லித்தியம்-அயன் செல்களுக்கு 0 முதல் 45 டிகிரிக்குள் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பது விதி. சன்ஷேடு இல்லாத சுவரில் மதிய வெயிலில் காயும் கேமராவின் உள்சூடு அதை எளிதில் தாண்டும். அந்தச் சூட்டில் நல்ல கேமரா சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திக்கொள்ளும். சோலார் பேனல் மாட்டிய கேமராவில், வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்திலேயே பேட்டரி கரன்ட்டை வாங்க மறுக்கும் விநோதமும் நடக்கிறது. பேட்டரி கேமரா வாங்கும்போது 'எத்தனை நாள் வரும்' என்று கேட்கிறோமே தவிர, 'எங்கே மாட்டப் போகிறோம்' என்று யோசிப்பதில்லை. நிழல் விழும் சுவர் கிடைத்தால் பேட்டரியின் ஆயுள் கூடும்.

வயரின் வீரமும் வம்பும்

பிளக்கில் ஓடும் கேமரா 24 மணி நேரமும் விழித்திருக்கிறது. செலவு? 4 வாட் கேமரா ஓர் ஆண்டு முழுக்க ஓடினால் 35 யூனிட். நம் இரண்டு மாத மின்கட்டணத்தில் ஏறக்குறைய 6 யூனிட். வாசல் லைட்டை அணைக்க மறந்தாலே அவ்வளவு போய்விடும்.

கண்காணிப்பின் மதிப்பு இங்கேதான் கூடுகிறது. திருட்டு நடந்துவிட்டால், 'யாரோ வந்தார்கள்' என்ற 15 விநாடித் துண்டைவிட, அவர்கள் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், முந்தின நாள் அதே ஆள் தெருவில் சுற்றினாரா, எந்த வண்டியில் போனார்கள் என்பதெல்லாம்தான் விசாரணைக்கு உதவும். அது தொடர்ச்சியான பதிவில்தான் கிடைக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்குச் சான்றிதழ் கேட்கிறது. அசல் பதிவும் சரியான தேதி, நேரமும் கேமராவில் இருப்பது அவசியம். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடக் கூடாது.

தொடர்ச்சியான பதிவுக்கும் ஓர் எல்லை உண்டு. முழு எச்.டி. படம் விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓடினால் ஒரு நாளைக்கு 21 ஜி.பி.க்கு மேல் சேரும். 128 ஜி.பி. கார்டு ஆறாம் நாளில் நிறைந்து, பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுதும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்புகிறவர்களுக்கு முதல் நாள் திருட்டு கிடைக்காது. 256 ஜி.பி. கார்டாக வாங்குவது அதற்குத் தீர்வு. இடைவிடாத எழுத்தைத் தாங்கும் 'ஹை எண்டூரன்ஸ்' ரகமாகவும் இருக்க வேண்டும்.

வயர் கேமராவின் வம்புகள் வேறு ரகம். அது படத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்து அசைவைக் கண்டுபிடிக்கிறது. மழைக்குப் பிறகு பறந்து வரும் ஈசல், லென்ஸ்முன் வலை பின்னும் சிலந்தி, வேப்பமரத்தின் நிழல் எல்லாமே 'அசைவு' ஆகி, ராத்திரி முழுக்க போன் அலறும். ஆள் உருவத்தை மட்டும் பிரித்தறியும் வசதி உள்ள மாடலை வாங்கினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இன்னொரு வம்பை எலக்ட்ரீஷியன்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். பகலெல்லாம் நன்றாக ஓடும் கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து வரும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுவார்கள். புதியதும் அதே வேலையைச் செய்யும். கோளாறு கேபிளில். கேமராவோடு வந்த 5 வோல்ட் அடாப்டரை ஹாலில் செருகி, பத்து மீட்டர் மெல்லிய எக்ஸ்டென்ஷன் யு.எஸ்.பி. வயரை வாசல்வரை இழுத்திருப்பார்கள். பகலில் கேமரா குறைவாக கரன்ட் இழுக்கும். இரவில் எல்.இ.டி. எரிய ஆரம்பித்ததும் 1 ஆம்பியரை நெருங்கும். தலைமயிர் கனத்தில் செம்பு உள்ள வயரில் ஒன்றரை வோல்ட்டுக்குமேல் வழியிலேயே கரைந்துவிடும். மூன்று சொச்சம் வோல்ட்டில் கேமரா மயங்கி விழும்; எல்.இ.டி. அணையும்; மறுபடி எழும்; மறுபடி விழும். தீர்வு எளிது: அடாப்டரை கேமராவின் பக்கத்திலேயே வைக்க வேண்டும், அதற்கு வாசலில் ஒரு பாயிண்ட் போட வேண்டும். நீண்ட தூரம் இழுத்தே ஆக வேண்டுமென்றால் 12 வோல்ட் கேமராவும் தடித்த வயரும் வேண்டும். அதே வாட்டுக்கு 12 வோல்ட்டில் ஓடும் ஆம்பியர் பாதிக்கும் குறைவு என்பதால் இழப்பும் குறையும்.

வெளியில் வரும் இணைப்பு எல்லாவற்றையும் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து மூட வேண்டும். டேப் சுற்றிவிட்டால் போதும் என்று விட்ட டி.சி. பின், ஐப்பசி அடைமழையில் பச்சை பிடித்து நிற்கும். பாக்ஸின் ஓட்டையையும் அடைக்காவிட்டால் பல்லியும் எறும்பும் குடித்தனம் வந்துவிடும்.

காலிங் பெல்: கவனம்!

அமெரிக்க வீடுகளில் காலிங் பெல் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 16 முதல் 24 வோல்ட்டில் ஓடுகிறது. அங்கே விற்கும் வயர் இணைப்புள்ள வீடியோ டோர்பெல்கள் அந்த வோல்ட்டேஜுக்காகச் செய்யப்பட்டவை. நம் வீட்டு காலிங் பெல் சுவிட்சுக்கு வருவது நேரடி 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து அக்கா வாங்கி அனுப்பிய டோர்பெல்லைப் பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே வயரில் கொடுத்தால் கருவி கருகும்; கைக்கும் ஆபத்து. ஒன்று, அதற்குரிய அடாப்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ போட்டு எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்ட வேண்டும். அல்லது, பேட்டரி டோர்பெல்லாக வாங்க வேண்டும். காலிங் பெல்லுக்கு பேட்டரி பொருத்தமும்கூட; அழுத்தினால் எழுந்தால் போதும், அது எந்நேரமும் விழித்திருக்க வேண்டியதில்லை.

மெயின் சுவிட்சை அணைத்தால்...

'கரன்ட் போனால் வயர் கேமரா செத்துப்போகும், பேட்டரி கேமரா பிழைத்துக்கொள்ளும்' என்பது பேட்டரி கேமராவை விற்பவர்கள் சொல்லும் முதல் வாதம். நம் ஊரில் அது எடுபடவும் செய்யும். 'நாளைய மின்தடை' என்று பராமரிப்புக்காக மின்வாரியம் வெளியிடும் பட்டியலைப் பார்த்து மாவு அரைக்கிற ஊர் இது. 2016 வர்தா, 2018 கஜா, 2023 மிக்ஜாம் என்று புயல்கள் நாள்கணக்கில் இருட்டில் உட்கார வைத்திருக்கின்றன. போதாக்குறைக்கு, தனி வீடுகளில் மீட்டரும் மெயினும் பெரும்பாலும் வாசல்பக்கச் சுவரில்தான் இருக்கின்றன. உள்ளே நுழைய நினைப்பவன் ஒரு சுவிட்சைக் கீழே தள்ளினால் வீடே இருட்டு.

வாதம் பாதி உண்மை. கரன்ட் போனதும் கேமராவோடு சேர்ந்து இன்னொன்றும் அணைகிறது: ரவுட்டர். பேட்டரி கேமரா விழித்து, படம் பிடித்து, அனுப்பப் பார்க்கும். வைஃபை இருக்காது. கார்டு வசதி இருந்தால் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கிளவுடை மட்டும் நம்பிய மாடலாக இருந்தால் அந்தப் படம் எங்கேயும் போய்ச் சேராது. உங்கள் போனுக்குத் தகவல் வராது என்பது இரண்டுக்கும் பொது. வயர் இல்லாத கேமராவைச் சுவரிலிருந்து பிடுங்குவதும் சுலபம். கார்டோடு சேர்த்துத் திருடன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால், பிழைத்த கேமராவால் யாருக்கு லாபம்?

ஆகவே சொந்த வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பேட்டரி வேண்டும், ஆனால் அது இருக்க வேண்டிய இடம் கேமராவின் வயிறு இல்லை, ரவுட்டரின் பக்கம். வைஃபை கேமராவும் ரவுட்டரும் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. 12 வோல்ட் ரவுட்டருக்கென்றே 'மினி யு.பி.எஸ்.' என்று உள்ளங்கை அளவில் ஒன்று விற்கிறது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். உள்ளே இருப்பது அதே லித்தியம் செல்கள்தான். ஆனால் வெயில் படாமல், மழை படாமல், ஏணி இல்லாமல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ரவுட்டரை மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். 5 வோல்ட் முனையும் உள்ள மாடலாக இருந்து, அதன் ஆம்பியர் போதுமானதாக இருந்தால், அருகிலிருக்கும் ஒரு கேமராவையும் சேர்த்துத் தாங்கும். சில ரவுட்டர்கள் 9 வோல்ட். அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்கு இதில் கூடுதல் நன்மை. ஜி-பான் வகை ஃபைபரில் தெருவில் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. ஆபரேட்டரின் அலுவலகத்தில் ஜெனரேட்டரோ பேட்டரியோ ஓடினால், தெருவே இருட்டாக இருந்தாலும் உங்கள் வீட்டு இணையம் உயிரோடு இருக்கும். அதனால் உங்கள் ரவுட்டருக்கு மட்டும் கரன்ட் கொடுத்தால் போதும்.

2010-களின் தொடக்கத்தில் வாட்டியெடுத்த மின்வெட்டு ஏராளமான வீடுகளுக்கு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து சேர்த்தது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கேமராவும் ரவுட்டரும் செருகியிருக்கும் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? ஃபேனுக்கும் லைட்டுக்கும் கொடுத்திருப்பார்கள். வாசல் பாயிண்ட்டும் டி.வி. போர்டும் விட்டுப்போயிருக்கும். இரண்டு, இன்வெர்ட்டரில் 'யு.பி.எஸ். மோட்' சுவிட்ச் போட்டிருக்கிறதா? சாதாரண மோடில் கரன்ட் மாறும் இடைவெளி சற்று நீளம்; ரவுட்டர் அணைந்து மறுபடி எழும். அது எழுந்து இணையத்தைப் பிடிக்கும்வரை கேமராவும் ஊமைதான்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னும் நேர்த்தியான வழி இருக்கிறது. வைஃபையை மறந்துவிட்டு, பி.ஓ.இ. கேமரா. கேட்-6 நெட்வொர்க் கேபிள் ஒன்றே படத்தையும் கரன்ட்டையும் கொண்டுபோகும். 2003-ல் வந்த தரப்படி ஒரு முனைக்கு 15.4 வாட் வரை, 100 மீட்டர் தூரம் வரை தரலாம். சுமார் 48 வோல்ட்டில் அனுப்புவதால் வழியில் இழப்பும் குறைவு. எல்லா கேமராவும் ஒரு பெட்டியில் வந்து சேர்வதால் அந்த ஒரு பெட்டிக்கும் ரவுட்டருக்கும் யு.பி.எஸ். கொடுத்தால் போதும். பூச்சு வேலைக்கு முன்பே சுவரில் பைப் பதித்துவிட வேண்டும். அப்போது ஆகும் செலவு, பெயின்ட் அடித்த பிறகு சுவரை வெட்டும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

தோப்புக்கும் வாடகை வீட்டுக்கும்

பேட்டரி கேமராவுக்கு அதற்கே உரிய இடங்கள் உண்டு. முதலாவது வாடகை வீடு. ஆணி அடித்தாலே அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் ஹவுஸ் ஓனரிடம் சுவரைத் துளைத்து லைன் இழுக்கிறேன் என்று யாரும் போய் நிற்க முடியாது. மூன்றாவது மாடி ஃப்ளாட்டின் கதவுக்கு வெளியே ஆள் நடமாட்டம் குறைவு, வெயிலும் கிடையாது, ரவுட்டரும் பத்தடியில் இருக்கிறது. பேட்டரிக்கு இதைவிடச் சுகமான இடம் இருக்க முடியாது. வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

இரண்டாவது தோட்டமும் தோப்பும். மோட்டார் கேபிளும் ஸ்டார்ட்டரும் தேங்காயும் களவு போகிற இடங்களில் இன்று சிம் கார்டு போட்ட சோலார் கேமராக்களைப் பார்க்க முடிகிறது. பம்பு செட்டுக்குத் தரும் இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டுமே, வைஃபைக்கும் வழியில்லை. ஆனால் 'சோலார்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வாங்கிவிடக் கூடாது. இங்கும் கணக்கு இருக்கிறது. 3 வாட் பேனல், நல்ல வெயில் ஐந்து மணி நேரம், தூசும் சூடும் போக அறுபது சதவீதம் தேறினால் நாளைக்கு 9 வாட்-மணி கிடைக்கும். ஆள் வந்தால் மட்டும் எழும் கேமராவுக்கு இது தாராளம். இரவு பகல் பதிவு செய்ய வேண்டும் என்றால் 3 வாட் கேமராவுக்கே நாளைக்கு 72 வாட்-மணி வேண்டும். அதற்கு 30, 40 வாட் பேனலும் இரண்டு மேகமூட்டமான நாளைத் தாங்கும் பெரிய பேட்டரியும் தேவை. வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக்கிடக்கும் வாரத்தில்தான் சின்ன பேனல் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணையும்.

பேனல் தெற்குப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். தென்னந்தோப்பில் இது லேசில்லை. ஒரே ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் கிடைக்கும் கரன்ட் மளமளவென்று குறையும். சிம் டேட்டாவும் கவனத்தில் இருக்க வேண்டும். தொடர்ச்சியாக நேரலை அனுப்பினால் முன்சொன்ன 21 ஜி.பி. கணக்கு இங்கும் வரும். நாளைக்கு இரண்டு ஜி.பி. தரும் பேக் காலைப் பொழுதுக்கே போதாது. பதிவு கார்டில், தகவல் மட்டும் சிம்மில் என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பேட்டரியின் பாதுகாப்பு

பாதுகாப்புக்கு வாங்கும் கருவியே ஆபத்தாகிவிடக் கூடாது. 2020 நவம்பரில் ரிங் நிறுவனம் தன் இரண்டாம் தலைமுறை வீடியோ டோர்பெல்களில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 3,50,000 கருவிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. காரணம் ஒரு ஸ்க்ரூ. கூட வந்த சரியான ஸ்க்ரூவுக்குப் பதில் வேறொன்றைப் போட்டு முறுக்கினால் அது பேட்டரியில் குத்தி, சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. கையில் கிடைத்த ஸ்க்ரூவைப் போட்டு முறுக்கும் பழக்கம் நமக்கு அதிகம். பேட்டரி கருவிக்கு அது கூடாது.

லித்தியம் பேட்டரிக்கும் அடாப்டருக்கும் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம், எண் இல்லாத பெட்டியை வாங்க வேண்டாம். வீங்கிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடக் கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துச் செயலாக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் கொடுத்திருக்கின்றன. கேமராவைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரல் முதல் தகவல் பாதுகாப்புச் சோதனையில் தேறிய சி.சி.டி.வி. மாடல்களே விற்பனைக்கு வர வேண்டும் என்ற மத்திய அரசின் விதியும் நடைமுறையில் இருக்கிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. பிளக்கில் செருகினால் 24 மணி நேரமும் பதிவு செய்யுமா? பல பேட்டரி கேமராக்கள் வயரைச் செருகினாலும் சார்ஜ் மட்டுமே ஏற்றிக்கொள்ளும், தூங்குவதை நிறுத்தாது.

2. பேட்டரியைத் தனியாகக் கழற்ற முடியுமா? முடிந்தால் இன்னொரு பேட்டரியை வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம். முடியாவிட்டால் சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் வாசலில் கேமரா இருக்காது.

3. இணையம் இல்லாதபோது பதிவு எங்கே போகும்? கார்டிலா, வீட்டுக்குள் வைத்துப் பதிவைச் சேமிக்கும் ஹப்பிலா, இல்லை எங்குமே இல்லையா? திருடன் கைக்கு எட்டாத ஹப் நல்லது.

4. மாதச் சந்தா கட்டாவிட்டால் எதெல்லாம் நின்றுபோகும்?

5. அடாப்டர் 5 வோல்ட்டா, 12 வோல்ட்டா? எத்தனை ஆம்பியர்? மினி யு.பி.எஸ். வாங்கும்போது இந்த விவரம் தேவைப்படும்.

முடிவு என்ன?

வாசலில் யாரோ வந்தார்கள் என்று தெரிந்தால் போதும் என்பவருக்கு பேட்டரி கேமரா சரி. என்ன நடந்தது என்று பின்னால் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பவருக்கு வயர்தான். வாடகை வீட்டுக்கும் தோப்புக்கும் பேட்டரி. சொந்த வீட்டின் கேட்டுக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் வயர். புது வீட்டுக்கு பி.ஓ.இ. எதுவானாலும், கேமரா பக்கத்து வீட்டு ஜன்னலையும் மொட்டை மாடியையும் பார்க்காமல் இருக்கட்டும். வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும் பழக்கத்தை எந்த கேமராவுக்காகவும் விட வேண்டியதில்லை.

ஏற்கெனவே கேமரா மாட்டியவர்களுக்குச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை, லிஃப்டோ வாஷிங் மெஷினோ ஓடாத நேரமாகப் பார்த்து, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். செல்போனில் வைஃபையை நிறுத்திவிட்டு, மொபைல் டேட்டாவில் கேமரா ஆப்பைத் திறங்கள். வீட்டில் ஒருவரை கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வரச் சொல்லுங்கள். அவர் முகம் தெரிகிறதா, முதுகு தெரிகிறதா, இல்லை வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். வட்டம் சுற்றினால் அடுத்து வாங்க வேண்டியது இன்னொரு கேமரா இல்லை; ரவுட்டருக்கும், வயரில் ஓடும் கேமராவாக இருந்தால் அதற்கும் சேர்த்து, மினி யு.பி.எஸ்.